பெட்டியைத் தானே சுமந்த இயக்குநர்

சென்ற இதழில் மௌனப்படக் காலம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஆஸ்கார் மிஷோ என்ற அமெரிக்கக் கறுப்பின இயக்குநரின் பெயரைச் சொல்லிவிட்டேன். "யார் அவர்? இரண்டு வரியில் தப்பித்துவிட்டீர்களே" என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அவருக்கே.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேராசிரியரும் இல்லை, விமர்சகரும் இல்லை. முப்பத்தொரு வருடம் தியேட்டர் கேபினில் புரொஜக்டர் ஓட்டியவன். படங்களை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைவிட, பின்சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாகப் பார்த்ததுதான் அதிகம். பதில்களில் புரொஜக்டர் விளக்கின் கார்பன் புகை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்கார் விருதுக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களா? (பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர்)

இல்லை தம்பி. அந்தச் சிலைக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் ஆஸ்கார் விழா 1929-இல் நடந்தபோது மிஷோ பத்து வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்களுக்கு அழைப்பிதழ் போகிற காலமில்லை அது. ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தது 1987-இல். அவர் இறந்து 36 வருடம் ஆகியிருந்தது.

கேள்வி: முதல் கறுப்பின இயக்குநர் இவர்தானே? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி)

தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள். சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் என்பவர் இவருக்கு முன்பே சிறு நகைச்சுவைப் படங்கள் எடுத்துவிட்டார். லிங்கன் மோஷன் பிக்சர் என்ற கறுப்பினத்தவர் நிறுவனமும் 1916-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் முழுநீளக் கதைப்படத்தை முதலில் எடுத்தவர் மிஷோ. 1919-இல் வந்த 'தி ஹோம்ஸ்டெடர்', எட்டு ரீல். 1931-இல் வந்த 'தி எக்ஸைல்', கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் பேசும்படம். இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மதிப்பெண் உறுதி.

கேள்வி: விவசாயியாக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஏர் பிடித்த கை எப்படிக் கேமராவைப் பிடித்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, ஏருக்கும் முன்னால் அந்தக் கை ஷூ துடைத்திருக்கிறது.

1884 ஜனவரி 2 அன்று, இல்லினாய் மாநிலத்தின் மெட்ரோபோலிஸ் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். அப்பா கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். பதினேழு வயதில் சிகாகோவுக்கு வந்து, இறைச்சிக்கு மாடு அடைக்கும் கொட்டடி, உருக்காலை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, புல்மன் கம்பெனியின் ரயில் படுக்கை வண்டிகளில் பணியாளாகச் சேர்ந்தார். படுக்கை விரிப்பது, பெட்டி தூக்குவது, காலணி துடைப்பது. அந்தப் பணியாளர்கள் எல்லோரையும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அவருடைய ஆள் என்றால் அவனும் ஜார்ஜ். சொந்தப் பெயரே இல்லாத வேலை. ஆனால் மூன்று லாபம் அதில் இருந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. நாட்டைச் செலவில்லாமல் சுற்றிப் பார்க்க முடிந்தது. பணக்கார வெள்ளையர்களிடம் எப்படிப் பேசினால் பர்ஸ் திறக்கும் என்பதும் தெரிந்துபோயிற்று. இந்த மூன்றாவதை வைத்துத்தான் பின்னாளில் சினிமாவே எடுத்தார் என்பேன்.

1905 வாக்கில் தெற்கு டகோட்டாவின் கிரகரி மாவட்டத்தில் நிலம் வாங்கினார். லக்கோட்டா பழங்குடியினருக்கு என்று ஒதுக்கியிருந்த பூமியைப் பிரித்து அரசாங்கம் குடியேறிகளுக்குத் திறந்துவிட்ட இடம் அது. அடிமையின் மகனுக்கு நிலம் கிடைத்தது இன்னொருவர் இழந்ததிலிருந்து. சுற்றிலும் வெள்ளை விவசாயிகள். இவருக்கோ உழத் தெரியாது. கற்றுக்கொண்டார். 1910-இல் சிகாகோ பாதிரியார் ஒருவரின் மகள் ஆர்லியனை மணந்தார். அடுத்த வருடம் குழந்தை இறந்தே பிறந்தது. மாமனார் வந்து மகளைச் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது. மனைவியும் போய், நிலமும் கைவிட்டுப் போயிற்று.

அப்போது ஒரு மனிதன் என்ன செய்வான்? குடிப்பான், அல்லது ரயில் வேலைக்கே திரும்புவான். மிஷோ இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். 'தி கான்க்வெஸ்ட்', 1913, தன் பெயர் போடாமல். வீடு வீடாகப் போய் விற்றார். வாங்கியவர்களில் பலர் அதே வெள்ளை விவசாயிகள்.

1917-இல் 'தி ஹோம்ஸ்டெடர்' நாவல் வந்தது. மறு வருடம் லிங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஜான்சன் ஒமாஹாவிலிருந்து கடிதம் போட்டார்: கதையைப் படமாக்க உரிமை தருவீர்களா? மிஷோ சம்மதித்தார். ஆனால் படப்பிடிப்பைத் தானே மேற்பார்வை செய்ய வேண்டும் என்றார். அதுவரை கேமராவைத் தொட்டறியாத மனிதர்! பேச்சு முறிந்தது. "சரி, நானே எடுக்கிறேன்" என்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் கம்பெனி தொடங்கி, பங்கு ஒன்று 75 முதல் 100 டாலர் என்று விற்றார். யாரிடம்? புத்தகம் வாங்கிய அதே விவசாயிகளிடம். 1919 பிப்ரவரி 20 அன்று சிகாகோவில் படம் திரைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 35.

கேள்வி: பெரிய ஸ்டுடியோ இல்லை, விநியோகஸ்தர் இல்லை. நாற்பது படங்களை எப்படி விற்றார்? (சிறு பட்ஜெட் படத்தில் உதவி இயக்குநர்)

நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்!

முதலில் அந்தக் காலத்துத் தியேட்டரைப் புரிந்துகொள்ள வேண்டும். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கொட்டகை, அல்லது வெள்ளையர் கொட்டகையின் மாடி. இன்னொரு வழக்கமும் இருந்தது: வெள்ளையர் கொட்டகையிலேயே, அவர்கள் எல்லோரும் வீடு போன பிறகு, நள்ளிரவில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு காட்சி. கறுப்பினப் பார்வையாளருக்காகக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்தவற்றை 'இனப் படங்கள்' என்பார்கள். அவை ஓடுவதற்கு இருந்த இடமும் நேரமும் இவ்வளவுதான்.

மிஷோ காரில் கிளம்பிவிடுவார். கையில் அடுத்த படத்தின் கதை, நடிகர்களின் புகைப்படங்கள். ஊர் ஊராகக் கொட்டகை முதலாளிகளைப் பார்த்து, "இதை எடுக்கப்போகிறேன், உங்கள் கொட்டகைக்குத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பார். அந்தப் பணத்தில் படம் எடுப்பார். எடுத்ததும் படப்பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு அதே ஊர்களுக்கு மறுபடியும் போவார். ஆறடி உயரம், கனத்த உடம்பு, பேச்சோ தேன். நடிகர்களுக்கு ஹாலிவுட் நட்சத்திரங்களின் பெயரில் அவர் சூட்டிய பட்டங்களும் வியாபாரம்தான்: லொரென்சோ டக்கர் 'கறுப்பு வாலன்டினோ', பீ ஃப்ரீமன் 'மாநிற மே வெஸ்ட்'.

இதைப் படித்தபோது எனக்குப் பெட்டி நினைவுதான் வந்தது. படப்பெட்டி வந்து சேராமல், ஜனம் கூச்சல் போட, கேபினில் கைகட்டி நின்றிருக்கிறேன். பெட்டி எங்கோ பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும். இயக்குநரே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கேபின் கதவைத் தட்டுவதை நான் கற்பனைகூடச் செய்ததில்லை.

இத்தனை சாமர்த்தியத்தோடும் 1928-இல் திவாலானார். பேசும்படம் எடுக்க வெள்ளை முதலாளிகளின் பணம் தேவைப்பட்டது. 'தி எக்ஸைல்' படத்துக்குப் பணம் போட்டவர்கள் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் கொட்டகை நடத்திய ஃப்ராங்க் ஷிஃப்மனும் அவருடைய கூட்டாளியும். 1926-இல் அவர் மணந்த நடிகை ஆலிஸ் பி. ரஸ்ஸல் நடித்தார், தயாரிப்பையும் கவனித்தார். அந்த அம்மாவைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: அவருடைய படங்களில் உங்களை உலுக்கியது எது? (நூலகர்)

'விதின் அவர் கேட்ஸ்'. 1920.

ஐந்து வருடம் முன்பு டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்திருந்தது. வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பனையும், அவளைக் காக்க வரும் வீரர்களாக கு க்ளக்ஸ் கிளான் என்ற முகமூடி போட்ட வெள்ளை இனவெறிக் கும்பலையும் காட்டிய படம். மிஷோ அந்தக் காட்சியை அப்படியே திருப்பிப் போட்டார். அவருடைய நாயகி சில்வியா தெற்கில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு 5,000 டாலர் திரட்ட வடக்கே பாஸ்டனுக்குப் போகும் ஆசிரியை. நடித்தவர் எவலின் ப்ரீர். கடைசிப் பகுதியில் அவள் கடந்தகாலம் விரிகிறது. குத்தகை விவசாயியான வளர்ப்புத் தந்தை மேல் பொய்யாகக் கொலைப்பழி விழுகிறது. கும்பல் அவரையும் மனைவியையும் தூக்கில் போடுகிறது. அதே நேரத்தில் இன்னோர் இடத்தில் ஒரு வெள்ளையன் சில்வியாவின் மேல் பாய்கிறான். இங்கே கயிறு, அங்கே அறை. மாற்றி மாற்றி வெட்டுகிறார். துணி கிழிந்து அவள் மார்பில் ஒரு தழும்பு தெரிகிறது. அவன் உறைந்துபோகிறான். அவள் அவனுடைய சொந்த மகள்.

நூறு வருடம் கழித்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று சிகாகோவில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு முந்தைய கோடையில்தான், 1919 ஜூலையில், மிச்சிகன் ஏரியில் ஒரு கறுப்பினச் சிறுவன் கல்லடிபட்டு மூழ்கியதில் தொடங்கிய கலவரம் 38 உயிர்களைக் குடித்திருந்தது. தணிக்கைக் குழு முதலில் படத்தை மறுத்தது. மறுபடியும் கலவரம் வெடிக்கும் என்று பயந்தவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். "பயப்படவேண்டியது படத்துக்கா, நடப்பதற்கா?" என்று கேட்டவர்களும் அவர்களிலேயே இருந்தார்கள். கடைசியில் வெட்டி வெளியிட்டார்கள். முதல் ஓட்டத்தில் சுமார் 1,200 அடி போயிற்று என்கிறது அக்காலப் பத்திரிகைச் செய்தி. அடிக்கணக்கு என் தொழில், ஆகவே சொல்கிறேன்: மௌனப்பட வேகத்தில் அது பதினைந்து முதல் இருபது நிமிடம். கிட்டத்தட்ட அந்தக் கடைசிப் பகுதியளவு.

மிஷோ அழவில்லை. தணிக்கையில் இழுபட்ட படம், வெட்டிய காட்சிகளைச் சேர்த்துவிட்டோம் என்றெல்லாம் விளம்பரம் செய்து டிக்கெட் விற்றார். வர்ஜீனியாவில் உரிமமே வாங்காமல் வேறொரு படத்தைத் திரையிட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு.

கேள்வி: இவருடைய படம் ஒன்றைப் பார்த்தேன். நடிகர்கள் பள்ளி ஆண்டுவிழா போல வசனம் ஒப்பிக்கிறார்கள். ஒரு நடிகை தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திச் சொல்கிறார், அதை வெட்டக்கூட இல்லை. இதற்கா இவ்வளவு புகழ்? (கோபக்கார வாசகர்)

கோபம் நியாயமானது. 1930-களின் பேசும்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே டேக், யாரோ ஒருவரின் வரவேற்பறை, வாடகைக் கேமரா. பிலிம் காசு. தப்பைத் திருத்த இரண்டாவது டேக் எடுத்தால் அடுத்த படத்துக்குப் பிலிம் இருக்காது. சில அறிஞர்கள் இதையெல்லாம் 'வேண்டுமென்றே செய்த தனிப் பாணி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தடுமாற்றம் தடுமாற்றம்தான். வறுமைக்கு ஜரிகைத் துண்டு போர்த்த வேண்டாம்.

ஆனால் நீங்களும் நானும் பார்ப்பது எது? கத்தரி போட்டு, ஒட்டி, தேய்ந்து, ரீல் தொலைந்து, மிஞ்சிய எலும்பு. இங்கே ஒரு பாவமன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். இளவயதில் ஒரு இரவு, கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக, இரண்டாம் ஆட்டத்தில் ஒரு ரீலையே விட்டுவிட்டு அடுத்ததை ஓட்டியிருக்கிறேன். வெளியே வந்த ஒருவர், "இயக்குநருக்குக் கதை சொல்லவே தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றிலிருந்து பழைய படம் தடுக்கினால் உடனே இயக்குநரைத் திட்டுவதில்லை. மிஷோவின் மௌனப்படங்களைப் பாருங்கள். 1920-இல் அந்தத் தூக்குக் காட்சியை வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால், வெட்டத் தெரியாத மனிதர் என்று சொல்ல மாட்டீர்கள்.

கேள்வி: அவர் படங்களில் நல்லவர்கள் எல்லோரும் வெளுத்த நிறம் என்று படித்தேன். உண்மையா? (முதுகலை மாணவி)

பெரும்பாலும் உண்மை. நாயகன், நாயகி வெளிர் நிறம். சூதாடியும் கோமாளியும் கருமை. அன்றைய கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் ஆசையை அப்படியே திரையில் வைத்தார். படி, நிலம் வாங்கு, முன்னேறு என்று தன் மக்களுக்கு ஓயாமல் உபதேசம் செய்தவர், முன்னேறாதவர்களைத் திரையில் இரக்கமில்லாமல் வறுத்தெடுத்தார். 1938-இல் 'காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்' நியூயார்க்கில் வந்தபோது கறுப்பின, இடதுசாரி அமைப்புகள் கொட்டகை வாசலில் மறியல் செய்தன. படத்தைக் கொட்டகையிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த மறியலில் நியாயம் இருந்தது. வெள்ளைத் தணிக்கையாளர்களை ஏமாற்றத் தெரிந்தவருக்கு, சொந்த ஜனத்தின் வாசல் மறியலுக்குப் பதில் இருக்கவில்லை.

கேள்வி: பாடகர் பால் ரோப்சன் இவர் படத்தில் நடித்திருக்கிறாராமே?

ரோப்சனின் முதல் படமே அதுதான். 'பாடி அண்ட் சோல்', 1925. இரட்டை வேடம். ஒருவன் சிறையிலிருந்து தப்பிப் பாதிரியார் வேடம் போட்டு ஊரை ஏய்ப்பவன். மற்றவன் சாதுவான சகோதரன். மிஷோ படங்களில் பாதிரியார் என்றால் அநேகமாகப் பித்தலாட்டக்காரர்தான். ஏன் என்று கேட்காதீர்கள், மாமனார் என்ன தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன். நியூயார்க் தணிக்கைக் குழு கொதித்தது. திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டினார். கடைசியில் எல்லாம் ஒரு தாயின் கனவு என்று முடிகிறது. ரோப்சன் பாடுவதைக் கேட்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான், மௌனப்படம். ஆனால் குடித்துவிட்டுப் பிரசங்கம் செய்யும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை படங்கள் இன்று கிடைக்கின்றன?

நாற்பதுக்கு மேல் எடுத்தார், ஏறக்குறைய பதினைந்து மிச்சம். இருபதுக்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் மூன்றே மூன்று. பிரதி போட்டதே குறைவு. ஊர் ஊராகத் தேயும்வரை ஓட்டினார்கள். அந்தக் கால நைட்ரேட் பிலிம் சும்மா வைத்திருந்தாலே பிசுபிசுத்துப் பழுப்புத் தூளாகிவிடும். 'விதின் அவர் கேட்ஸ்' பல பத்தாண்டுகள் தொலைந்தேபோயிருந்தது. பிறகு ஸ்பெயின் நாட்டின் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்தட்டைகளில் நான்கு தவிர மற்றவை எல்லாம் ஸ்பானிஷ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அவருடைய நாவல்களின் நடையை வைத்துக்கொண்டு, அவற்றைத் திரும்ப ஆங்கிலமாக்கி 1993-இல் சீர்செய்து முடித்தது. கிளான் கும்பலை எதிர்த்து நிற்கும் 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்டு' பெல்ஜியத்தில் கிடைத்தது. சொந்த நாட்டில் தொலைந்ததைக் கடல் தாண்டி இருந்தவர்கள் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கேள்வி: ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தவர் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டே? (எழுத்தாளர்)

குற்றச்சாட்டு சரி, குற்றம் இல்லை. கதை இது: தெற்கு டகோட்டாவில் தனியாக உழுதுகொண்டிருக்கும் கறுப்பின இளைஞன். பக்கத்து நிலத்து ஸ்காட்லாந்துக்காரரின் மகள். இருவருக்கும் மனம் ஒன்றிவிடுகிறது. ஆனால் அவன் விலகிப்போய்த் தன் இனத்துப் பெண் ஒருத்தியை மணந்து சீரழிகிறான். தன்வரலாறு போலவே எழுதிய 'தி கான்க்வெஸ்ட்' புத்தகத்தில் அந்தப் பெண் கிடைக்கவில்லை. 'தி ஹோம்ஸ்டெடர்' கதையில் அவளுக்கும் ஆப்பிரிக்க ரத்தம் கொஞ்சம் உண்டு என்று தெரியவருகிறது, சேர்ந்துவிடுகிறார்கள். 'தி எக்ஸைல்' படத்திலும் அப்படியே. 1940-களில் மறுபடியும் நாவல். அதையே 1948-இல் 'தி பிட்ரேயல்' என்று மூன்று மணி நேரப் படமாக எடுத்தார். மூட்டுவாதம் வாட்ட, 64 வயதில், ஏறக்குறைய எட்டு வருட இடைவெளிக்குப் பின். நியூயார்க்கின் பிராட்வே அரங்கு ஒன்றில் திரையிட்டார். விமர்சகர்கள் கிழித்துப்போட்டார்கள். அதுவே கடைசி. 1951 மார்ச் 25 அன்று, வியாபார விஷயமாகப் போயிருந்த வட கரோலினாவின் சார்லட் நகரில் இறந்தார். கான்சஸில் புதைத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுத்த கடைசி முடிவை இன்று பார்க்க முடியாது. படம் தொலைந்துவிட்டது.

கேள்வி: முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

'விதின் அவர் கேட்ஸ்'. ஒன்றேகால் மணி நேரம்தான். உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சத்தம் வரவில்லை என்று டிவியைத் தட்டாதீர்கள். நடுவில் ஓரிடத்தில் காட்சி சட்டென்று அறுந்து, இந்தப் பகுதி கிடைக்கவில்லை என்று ஓர் அட்டை வரும். ஆப்பரேட்டரைத் திட்டாதீர்கள். இந்த முறை அவன் மேல் தப்பில்லை.